60 நாள் முன்பே அட்டவணை கொடுங்கள்: ஐ.எஸ்.எல். நடத்துவோருக்கும் சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அட்டவணைக் குழு, ஒளிபரப்பு உரிமை பெறும் நிறுவனம், சென்னையின் எஃப்.சி. கால்பந்து கிளப் நிர்வாகம்.

ஐயா, அம்மையீர்,

லீகின் வணிக உரிமைக்காகச் சம்மேளனம் 2010-இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்தது. அந்தத் தேதி கையெழுத்திட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் 2025 ஜூலையில் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. டெண்டர் விட்டபோது யாரும் விலை கேட்டு வரவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்றுதான் லீக் தொடங்கியது: 14 அணிகள், ஒற்றைச் சுற்று, 91 ஆட்டங்கள். ஓர் அணிக்கு 13 ஆட்டம் என்னும்போது எல்லோருக்கும் சொந்த ஊரில் சம எண்ணிக்கையில் ஆட்டம் கிடைக்க வழியில்லை. வேறு வழியில்லாத ஆண்டு என்பதால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. முழுப் பருவம் திரும்பும்போது அந்தச் சலுகை இருக்காது. வரைவு கையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 14 அணிகள், இரட்டைச் சுற்று, அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை என்று வைத்துக்கொள்வோம். 26 சுற்று, 182 ஆட்டம். 2026 செப்டம்பர் 5 முதல் 2027 ஏப்ரல் 24 வரை 34 சனிக்கிழமைகள் வருகின்றன. தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீகுகள் நிற்கும் செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகளை ஃபிஃபா 2026 முதல் ஒன்றாக்கி 16 நாள் ஆக்கிவிட்டது; அதில் இரண்டு சனிக்கிழமை போகும். நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. மீதி 30. ஆக, 26 சுற்றையும் வார இறுதிகளிலேயே முடித்துவிட்டு நான்கு வாரம் கையிருப்பும் வைத்துக்கொள்ளலாம். 2027 ஜனவரியில் ஆசியக் கோப்பை நடக்கிறது. இந்தியா அதற்குத் தகுதி பெறவில்லை. அந்த அவமானத்தில் கிடைத்த ஒரே லாபம், ஜனவரியில் லீகை நிறுத்த வேண்டியதில்லை. தேதி போதவில்லை என்ற காரணத்தை இந்த முறை யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் தேதியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு சுற்றில் 7 ஆட்டம். ஒரே நேரத்தில் ஓர் ஆட்டம்தான் காட்டுவோம் என்று ஒளிபரப்பு நிறுவனம் பிடிவாதம் பிடித்தால் வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி 5 மணி, 7.30, ஞாயிறு 5 மணி, 7.30 என ஆறுதான் தேறும். ஏழாவதைத் தூக்கிப் புதன்கிழமை போடுவீர்கள். அங்கேதான் சரிவு ஆரம்பம். புதனன்று ஆடும் அணி முந்தைய ஆட்டத்தைச் சனிக்கிழமைக்குள் முடித்திருக்க வேண்டும். அடுத்த ஆட்டம் ஞாயிறு. அதன் எதிரணி முந்தைய வாரம் வியாழன் ஆடி பத்து நாள் ஓய்ந்து வந்திருக்கும். ஒரு புதன்கிழமை ஆட்டம் மூன்று வாரத்துக்கு நான்கு அணிகளின் ஓய்வைக் குலைக்கிறது.

இதற்கு மாற்று எளிது. சனிக்கிழமை 5 மணிக்கு இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துங்கள்; ஒன்று டி.வி.யில், மற்றது செயலியில். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி நேரம் வேண்டும் என்று எந்த ஊர் ரசிகரும் கேட்டதில்லை. விளம்பரம் விற்பவர்தான் கேட்கிறார். இரண்டில் ஒன்றைக் குவாஹாட்டிக்குக் கொடுத்தால் இன்னும் பொருந்தும். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும், பனி இறங்குமுன் ஆட்டம் முடியும்.

படப்பிடிப்பு வண்டி கதையையும் ஒளிக்க வேண்டாம், அது எங்களுக்குத் தெரியும். ஓ.பி. வேன் விமானத்தில் பறக்காது. கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டத்துக்கு முந்தைய நாளே வந்து கேபிள் இழுத்து, கேமரா மேடை கட்டி, ஒலி சோதித்தாக வேண்டும். ஆகவே ஒரு வண்டி ஓரிரு வாரம் ஒரே வட்டாரத்தில் சுற்றுவதுதான் சிக்கனம். இந்த உண்மையை எதிர்த்துச் சண்டை போடாமல் அட்டவணையையே அதன்மேல் கட்டலாம். சென்னை, பெங்களூரு, கொச்சி, கோவா ஒரு வட்டம். கொல்கத்தாவின் மூன்று அணிகள், ஜாம்ஷெட்பூர், புவனேஸ்வர், குவாஹாட்டி இன்னொரு வட்டம். தென்வட்டத்துக்கு ஒரு வண்டி, கிழக்குக்கு ஒன்று, மும்பைக்கும் டெல்லிக்கும் ஒன்று. ஆடும் அணிகளுக்கும் இதே வட்டம் உதவும்; அதைக் கீழே சொல்கிறோம்.

இனி மாலை நேரம். 2023-24 பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் இரவு 8 மணிக்கு. அடுத்த பருவம் 7.30-க்கு இறக்கினீர்கள். அரை மணி நேரம்தானே என்று தோன்றும். 45, 15, 45, கூடவே இரண்டு பாதியிலும் சேரும் கூடுதல் நிமிடங்கள். ஆக ஓர் ஆட்டம் ஏறத்தாழ 1 மணி 55 நிமிடம். 8 மணி ஆட்டம் 9.55-க்கு முடியும். நேரு விளையாட்டரங்கின் வாயிலைத் தாண்டிப் பெரியமேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்து போனால் 10.30. மெட்ரோ இரவு 11 வரைதான். புறநகர் ரயில் கிடைத்தாலும் ஆவடியிலோ கும்மிடிப்பூண்டியிலோ இறங்குபவருக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு போகப் பஸ் இருக்காது. இரண்டாம் பாதியின் 75-ஆம் நிமிடத்தில் ஸ்டாண்டு காலியாவதைக் கேமராவில் பார்த்துவிட்டு, சென்னையில் கால்பந்துக்கு ஆர்வமில்லை என்று எழுதுகிறார்கள். வார நாளில் 7.30-ஐத் தாண்டவே கூடாது. வார இறுதியில் 5 மணி ஆட்டம் எல்லா அணிக்கும் சம அளவில் கிடைக்க வேண்டும்.

சனி, ஞாயிறில் இன்னொரு போட்டியாளர் இருக்கிறார்: இங்கிலாந்து லீக். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறும். அதற்கு முன் அவர்களின் 12.30 ஆட்டம் நமக்கு மாலை 5 மணி, 3 மணி ஆட்டங்கள் இரவு 7.30. நம்முடைய இரண்டு சனிக்கிழமை நேரங்களும் அச்சாக அவற்றின் மேலேயே விழுகின்றன! கடிகாரம் மாறிய பிறகு அவை 6 மணி, 8.30 ஆகின்றன. ஆகவே நவம்பர் முதல் மார்ச் கடைசி வரை சனிக்கிழமை ஆட்டத்தை 4 மணிக்குத் தொடங்கினால் 5.55-க்கு முடிந்துவிடும், டி.வி. ரசிகர் அங்கே தாவலாம், பிள்ளைகளோடு வந்தவர் நேரத்தோடு வீடு சேரலாம். டிசம்பர், ஜனவரியில் சென்னையின் நாலு மணி வெயில் தாங்கக்கூடியதே. ஞாயிற்றுக்கிழமை குளிர்காலத்தில் அவர்களின் 2 மணி ஆட்டம் நமக்கு 7.30, அன்றைக்கு நம்முடையது 5 மணிக்கு இருக்கட்டும். ஐ.பி.எல். மார்ச்சில் தொடங்கிவிடும், அதுவும் 7.30-தான். அதோடு மோதுவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் ஏப்ரலில் 4 மணி என்பது கொடுமை, 5 மணிகூட யோசிக்க வேண்டியது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெட் பல்ப் குளோப் அளவு ஒன்று இருக்கிறது. அது 32 டிகிரியைத் தொட்டால் ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 30-ஆம் நிமிடத்தில் தண்ணீர் இடைவேளை விடச் சொல்கிறது ஃபிஃபா. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ அதைவிடக் குறைந்த அளவிலேயே இடைவேளை, அளவு மிக ஏறினால் ஆட்டத்தைத் தள்ளிவை என்கிறது. சென்னையில் தெர்மாமீட்டர் காட்டும் டிகிரியைவிட ஈரப்பதம்தான் எதிரி. கருவியை மைதானத்தில் வைத்து அளந்து, அளவை இரு அணிகளிடமும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். ஐ.பி.எல்.லோடு மோதினாலும் ஏப்ரல் ஆட்டங்கள் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் 7.30 மட்டுமே. மேட்டில் இருக்கும் பெங்களூரு 5 மணி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

மழை வேறு. நாட்டின் மற்ற பகுதிகளில் மழை ஓய்ந்து ஆட்டம் சூடுபிடிக்கும்போதுதான் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதிச் சொந்த ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடியது. ஆட்டத்தை 3-0 என வென்றார்கள், கோப்பையும் வந்தது, சென்னைக்காரர் பார்க்கவில்லை. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சென்னைக்குச் சொந்த ஆட்டம் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். செப்டம்பரில் கொச்சியும் கோவாவும் இன்னும் நனைந்துகொண்டிருக்கும், அப்போது சென்னைக்குச் சொந்த ஆட்டங்களைக் கொடுங்கள். நவம்பரில் எங்கள் அணி கிழக்குக்கும் மேற்குக்கும் போகட்டும். டெல்லிப் பயணம் டிசம்பர் கடைசியில் வேண்டாம்: மூடுபனியில் விமானம் தாமதமாகி, ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சி பறிபோகும். எல்லா அணியும் பிப்ரவரியிலேயே டெல்லி போக முடியாதுதான். போகிற அணி இரண்டு நாள் முன்பே போய்ச் சேரும்படி இடைவெளி விட்டால் போதும்.

பண்டிகை நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. காணும் பொங்கலன்று நகரத்தின் போலீஸ் முழுவதும் கடற்கரையில் நிற்கும். அன்று சென்னையில் ஆட்டம் வைத்தால் பந்தோபஸ்து கிடைக்காமல் கடைசி வாரத்தில் தேதி மாறும். மாறும் தேதிதான் எங்கள் பெரிய தலைவலி.

ஏன் 60 நாள்? ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 ஆகக் குறைத்தது. அட்டவணை உறுதியாக 60 நாள் முன்பு வந்தால் பெங்களூரு போகும் ரசிகர் முன்பதிவு திறக்கும் அன்றே சீட்டு எடுப்பார். மூன்று வாரம் முன்பு வந்தால் காத்திருப்போர் பட்டியல். ஒரு வாரம் முன்பு மாறினால் ரத்துக் கட்டணம் ஒரு பக்கம், முந்தைய நாள் காலை தத்காலில் விரலைத் தேய்ப்பது இன்னொரு பக்கம். கண்டீரவா மைதானத்தில் 7.30 ஆட்டம் பார்த்துவிட்டு சென்னை மெயிலைப் பிடிக்க முடியும், 8 மணி ஆட்டம் என்றால் கடைசிக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும். ஜெர்மனியில் திங்கள் இரவு ஆட்டங்களை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். 2021-22 முதல் பண்டஸ்லிகாவில் திங்கள் ஆட்டமே இல்லை. பந்து வீசும் எண்ணம் எங்களுக்கு இல்லை. செப்டம்பர் 5-இல் தொடங்குவதானால் ஜூலை 7-க்குள் முதல் எட்டுச் சுற்றின் தேதி, நேரம், மைதானம் மூன்றும் வரட்டும். மீதி அதே 60 நாள் கணக்கில் தவணை தவணையாக வரலாம். அதற்குப் பின் மாற்றினால், ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டச்சீட்டின் முழுப்பணம் கேட்காமலே திரும்ப வர வேண்டும்.

கடைசிச் சுற்றைப் பற்றி ஒரு வரி. முதல் ஆறு இடங்களுக்காகப் போராடும் அணிகளின் ஆட்டங்கள் ஒரே நிமிடத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகும் ஸ்கோர் வந்ததும் கிஹோன் நகரில் சும்மா நேரம் கடத்திய அந்த வெட்கக்கேடான ஆட்டத்துக்குப் பிறகு உலகமே கற்றுக்கொண்ட பாடம் இது. ஏழு ஓ.பி. வேன் தேவையில்லை, மூன்று போதும்.

இப்போது சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்திடம். மேலே சொன்னதெல்லாம் கிடைத்தால் உங்களிடம் மிச்சம் இருக்கும் சாக்கு எது என்பதுதான் கேள்வி. அட்டவணை மோசம் என்று கிளப்பும், கிளப்புகள் ஆயத்தமில்லை என்று லீகும் மாறி மாறிச் சொல்லி நிறைய ஆண்டுகள் போய்விட்டன.

2015-இலும் 2017-18-இலும் சாம்பியன். சாம்பியன் ஆன மறு பருவமே 9 புள்ளிகளோடு கடைசி இடம். 2019-20-இல் நடுவில் வந்த ஓவன் கோய்ல், அடியில் கிடந்த அணியை இறுதிவரை கொண்டுபோனார். அவரும் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் போனார், இருவரும் ஒரே ஊருக்கு: ஜாம்ஷெட்பூர். லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டு 2021-22-இல் அந்த ஊருக்குப் போனது. இங்கே லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச் என மூன்று பருவத்தில் மூன்று கோச். மூன்று முறையும் 8-ஆம் இடம். பிறகு கோய்ல் திரும்பினார்: 6-ஆம் இடம், அடுத்த பருவம் 11. கோச்சை மாற்றினால் இடம் மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு கோச்சும் தன் முறைக்கு ஏற்ற ஆட்களைக் கேட்கிறார். அவர் போகும்போது அந்த ஆட்கள் மிஞ்சுகிறார்கள். அழுத்தி ஓடி ஆடும் கோச்சுக்காக எடுத்த மிட்ஃபீல்டர், பின்னால் உட்கார்ந்து ஆடும் கோச்சிடம் பெஞ்சில் உட்காருகிறார். அணி எப்படி ஆட வேண்டும் என்பதைக் கிளப் தீர்மானித்து, அதற்கேற்ற கோச்சை எடுக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை வைத்திருக்க ஒரு விளையாட்டு இயக்குநர் வேண்டும். அவருடைய ஒப்பந்தம் கோச்சின் ஒப்பந்தத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்.

2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர்தான். அப்படியானால் பதினொருவரில் ஏழு பேர் உள்நாட்டவர். பணமும் கவனமும் மட்டும் அந்த நால்வருக்கே போகின்றன. தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கே எல்லாம் ஆடினார்கள் பாருங்கள். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும். காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி பெங்களூருக்கு. சென்னையிலேயே பிறந்த நந்தகுமார் சேகர் ஒடிசாவில் பெயர் வாங்கி ஈஸ்ட் பெங்காலுக்கு. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2017-18 கோப்பை அணியில் நடுக்களத்தில் நின்றதைச் சென்னை இன்னும் பேசுகிறது. அந்த இடத்துக்கு இன்னொருவரை அந்தத் தெருக்களிலிருந்தே எடுத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. சென்னைக் கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன் ஆட்டங்கள் பிற்பகலில் நடக்கின்றன. கிளப்பின் ஆள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு பருவம் முழுக்க அங்கே இருக்கட்டும். குமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு முகாம் நடத்திப் போட்டோ எடுப்பதால் பயனில்லை. உள்ளூர்ப் போட்டிகளின்போது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். 22 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டு வீரர்கள் மூவரை முதல் அணியில் வைத்து, ஒவ்வொருவருக்கும் பருவத்தில் 900 நிமிடம் குறி வையுங்கள். 26 ஆட்டத்தில் பத்து முழு ஆட்டம். 88-ஆம் நிமிடத்தில் இறக்கிவிட்டு வாய்ப்புக் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டக் கூடாது. அந்த நிமிடம் கிடைக்காது என்று டிசம்பரிலேயே தெரிந்தால், வீரர்கள் கிளப் மாறும் ஜனவரி விண்டோவில், அடுத்த நிலை லீகில் ஆடும் கிளப் ஒன்றுக்குக் கடன் அனுப்புங்கள்.

மாற்று வீரர்களும் அட்டவணையோடு சேர்ந்த விஷயமே. ஐந்து மாற்றம், ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று வாய்ப்புதான். இடைவேளை கணக்கில் வராது. சென்னை ஈரப்பதத்தில், ஓரங்களில் ஏறி இறங்கி ஓடும் ஃபுல்-பேக்கும் விங்கரும் 65-ஆம் நிமிடத்துக்கு மேல் திரும்பி ஓட மாட்டார்கள், அந்தப் பக்கம்தான் கிராஸ் வந்து கோல் விழும். இடைவேளையில் ஒருவர், 60-ஆம் நிமிடத்தில் விளிம்பு வீரர் இருவர், 75-இல் நடுக்களத்தில் ஒருவர். இப்படிப் போட்டால் கடைசி மாற்றமும் ஒரு நிறுத்தமும் காயத்துக்கு மிஞ்சும். 20-ஆம் நிமிடத்திலேயே ஒருவர் தசை பிடித்து வெளியேறினால் ஒரு நிறுத்தம் போய்விட்டது. அப்போது 60-இல் இருவர், 75-இல் ஒருவர் என்று போட்டால் மாற்றமும் நிறுத்தமும் இரண்டுமே தீர்ந்துவிடும், அதற்குப் பின் காயத்துக்கு எதுவும் மிஞ்சாது. இதற்கு இரண்டு பக்கமும் ஆடக்கூடிய ஃபுல்-பேக் ஒருவர் பெஞ்சில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் பெஞ்சில் இருப்பது மூன்றாவது ஸ்ட்ரைக்கர்.

பயணத்துக்கு வருவோம். ஜாம்ஷெட்பூர் போக வேண்டுமானால் வழக்கமான வழி, ராஞ்சியில் இறங்கி 130 கிலோமீட்டர் சாலை. வியாழன் இரவு 9.25-க்கு ஆட்டம் முடிந்தால் அணி சென்னை திரும்ப வெள்ளி மாலை ஆகும். சனி முழுக்க மசாஜும் மெல்லோட்டமும். ஞாயிறு ஆட்டம் வைத்தால் சேர்ந்து பயிற்சி செய்ய ஒரு நாள்கூட இல்லை. மாறாக, ஜாம்ஷெட்பூரில் ஞாயிறு ஆடி, அங்கிருந்தே ரயிலில் நாலு மணி நேரத்தில் கொல்கத்தா போய் அடுத்த சனி அங்கே ஆடினால் ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டம் முடியும். நடுவில் நான்கு நல்ல பயிற்சி நாள். ஓட்டல் செலவு கூடும், விமானச் செலவு குறையும். மேலே சொன்ன ஓ.பி. வட்டமும் இதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இரண்டுக்கு மேல் தொடர்ந்து வெளியூர் ஆட்டம் வேண்டாம், இரு அணிகளின் ஓய்வில் இரண்டு நாளுக்கு மேல் வித்தியாசமும் வேண்டாம். இந்த இரண்டு விதிகளையும் லீக் எழுத்தில் தர வேண்டும். எங்கள் கிளப் வரைவுக் கூட்டத்தில் எழுந்து அவற்றைக் கேட்க வேண்டும்; கேட்டதா, பதில் என்ன என்று ரசிகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

லீக் அட்டவணைக் குழுவிடம் கேட்பது: ஜூலை 7-க்குள் எட்டுச் சுற்று, எழுத்தில் இரு ஓய்வு விதிகள், ஏப்ரலில் வெப்ப அளவு. கிளப்பிடம் கேட்பது: பருவம் தொடங்குமுன் விளையாட்டு இயக்குநர் யார், அவருடைய ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, அந்த மூன்று தமிழ்நாட்டு இளைஞர்கள் யார் யார். சீசன் டிக்கெட் விற்பனை திறக்கும் நாளில் இந்தப் பதில்களும் இருந்தால் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆட்டம் பார்க்கும் ரசிகர்கள்